அடைக்கலம் எதுவரை?



பஞ்சத்தில் இந்த வானம்பார்த்த சீமையை விட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அநேகர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் அங்கிருந்து இங்கு வந்தவர்களும் அநேகர். குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் அவர்களுக்கு முகாம்கள் உண்டு. "எத்தனை காலம் வைத்துக் காப்பது?" என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை.

முதலாவது, அடைக்கலம் தற்காலிகமே என்பவர்கள் பேச்சை ஒரேயடியாய்த் தள்ளலாகாது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. இந்தியா தர்மசத்திரம் அல்லவென்று உச்சநீதிமன்றத்திலும் 2025 மே மாதம் சொல்லப்பட்டது.

இரண்டாவது, முடிக்கும் முறையில் நீதி வேண்டும். 1992 ஜனவரியில் திருப்பியனுப்புதல் தொடங்கியபோது, மனமொப்பியே போகிறார்கள் என்றது அரசு. கட்டாயம் என்றனர் எதிர்த்தவர்கள். பழ. நெடுமாறன் உயர்நீதிமன்றம் சென்றார். புறப்படுவோரின் சம்மதத்தை விசாரித்தறிய ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அவ்வாண்டே இடம் கொடுக்கப்பட்டது. போகிறவனையே கேட்பதன்றி வேறு நேர்வழி ஏது?

மூன்றாவது, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு மத்திய அரசு 2025 செப்டம்பரில் தண்டனை விலக்கு அளித்தது. அது குடியுரிமை ஆகாது. முகாமிலேயே பிறந்த பிள்ளை எந்த ஊருக்குத் 'திரும்புவது'?

எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே அகதிகளுக்கு மாதிரி என்று 12-ம் பத்திநாதர் 1952-இல் எழுதினார். ஏரோது மாண்டபின்னரே அர்ச். சூசையப்பர் திரும்பினார், அப்போதும் அர்க்கெலாவுக்கு அஞ்சி யூதேயாவை விட்டு நாசரேத்தில் குடியேறினார். ஆபத்து நீங்கிற்றா, போக மனமுண்டா என்ற இரண்டையும் விசாரியாமல் "போ" என்பது நீதியல்ல.