பணம் பெற ரகசிய எண் எதற்கு?

திருப்பதியில் ஒருவர் தம் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தை இணையவழி விற்க முன்வருகிறார் எனக் கொள்வோம். சித்தூரிலிருந்து பேசுவதாகக் கூறும் ஒருவர், பேரம் பேசாமலே விலைக்கு இசைகிறார். பின்னர் கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை இட்டால் பணம் வந்துசேரும்" என்கிறார். இட்டால் பணம் வராது, போய்விடும். யுபிஐ முறையில் ரகசிய எண் பணம் செலுத்துவதற்கே உரியது. பெறுவதற்கு அது தேவையில்லை.

பணம் செலுத்தியதாகக் காட்டும் படமும் குறுஞ்செய்தியும் போலியாக இருக்கலாம். எனவே, நம் கணக்கில் தொகை வரவானதை நாமே சரிபார்த்த பின்னரே பொருளை ஒப்படைப்போம். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டரே. பொருளை நேரில் கைமாற்றுவதே நலம்.

ஏமாற நேர்ந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணிலும் வங்கியிலும் உடனே தெரிவிப்போம். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.