இணையதளத்தை எதில் கட்டினால் கூகுளில் முன்னால் வரும்?



கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பித் தொழில் தொடங்கும் சகோதரர்கள், மதரஸா நிர்வாகிகள் எனப் பலரும் இப்போது இணையதளம் போடுகிறார்கள். போட்டுத் தருகிறவர்களில் சிலர் தவறாமல் ஒன்று சொல்கிறார்கள்: "எங்க பிளாட்ஃபார்ம்ல கட்டுனா கூகுள்ல முதல் இடம்." சொந்தப் பணமானாலும், பைத்துல்மாலின் அமானிதப் பணமானாலும், அதைக் கொடுப்பதற்கு முன் இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு தேடல் வரிசையை உயர்த்துவதும் இல்லை. விளம்பரம் வேறு கணக்கு. வேர்ட்பிரஸ், விக்ஸ், பிளாகர் என்று எதில் கட்டினாலும், அந்தப் பெயருக்காகக் கூகுள் மதிப்பெண் போடுவதில்லை. பிளாகரை 2003-ல் கூகுளே விலைக்கு வாங்கியது. தன் வீட்டுப் பிள்ளை என்று அதற்கும் சலுகை கிடையாது.

அப்படியானால் எதைப் பார்க்கிறது? பக்கத்தில் உள்ள சொற்களை. நம் தமிழ்த் தளங்கள் பல ஆண்டுகளாகத் தோற்றது இங்கேதான்.

அச்சகங்களில் இன்றும் புழங்கும் பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "அம்மா" என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கூகுள் சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியைத்தான் படிக்கிறது. எனவே அம்மா என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் வராது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தும், நம் பத்திரிகைகளும் அமைப்புகளும் ஆளுக்கொரு எழுத்துருவில் தளம் நடத்தின. பழைய இலக்கியங்களை மின்னூலாக்க 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம்கூட முதலில் திஸ்கி என்ற குறியீட்டில்தான் வெளியிட்டது. பிறகே யூனிகோடுக்கு மாறியது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல்.

இன்று அந்தச் சிக்கல் வேறு வேடத்தில் வருகிறது. அச்சகம் தந்த நோட்டீஸை அப்படியே படமாக்கித் தளத்தில் ஏற்றிவிடுகிறோம். கல்வி உதவித்தொகை அறிவிப்பு, கடைசித் தேதி, தொடர்பு எண் எல்லாம் படத்துக்குள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இரவில் கைப்பேசியில் தேடும் ஒரு தாய்க்கு அது கண்ணில் படாது. உதவி இருந்தும் அவருக்கு இல்லாதது போலத்தான். முக்கியமான சொற்களைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்று கூகுளும் சொல்கிறது. படம் இருக்கட்டும், அதன் கீழே அதே செய்தியை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். இதற்குச் செலவு அரை மணி நேரம்.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். வல்லத்திராக்கோட்டை என்று சிலர் எழுதுகிறார்கள், ஒற்றை விட்டுவிட்டுச் சிலர். ஆங்கிலத்தில் இன்னும் பல வகை. ஜகாத், ஸகாத், ஜக்காத்தும் அப்படியே. தேடுபவர் எதை அடிப்பார் என்று நமக்குத் தெரியாது. வாக்கியத்தின் போக்கில் இரண்டொரு வடிவங்களையும், ஊர்ப் பெயரை ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். ஒரே சொல்லை ஐம்பது முறை அடுக்க வேண்டாம். அது மோசடியாகக் கருதப்படும்.

பிளாட்ஃபார்முக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரியும் தனித் தலைப்பும் வைக்க அது இடம் தர வேண்டும். கைப்பேசியில் விரைவாகத் திறக்க வேண்டும். கைப்பேசியில் தெரியும் வடிவத்தை வைத்தே கூகுள் இப்போது தளங்களைப் படிக்கிறது. இவை இரண்டையும் இன்றைய பிளாட்ஃபார்ம்களில் பெரும்பாலானவை தருகின்றன.

எனக்குப் பெரிதாகப்படுவது வேறு: நாளைக்கு அந்த வீட்டைக் காலி செய்ய முடியுமா? சிறு கடைகளுக்குக் கூகுள் இலவசமாக ஒரு பக்கத் தளம் தந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை மூடியது; அந்தப் பழைய முகவரிகள் ஜூன் 10 வரைதான் கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்கு வழிகாட்டின. அதன் பிறகு, விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் அச்சிட்ட முகவரிக்குப் போனால் எதுவும் இல்லை. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்கி வைத்திருந்தவர்கள், அதே பெயரை வேறு பிளாட்ஃபார்மில் பொருத்திக்கொண்டார்கள். வாடகை வீடு மாறினாலும் கதவிலக்கம் கூடவே வருவது போன்ற வசதி இது.

ஒரு தளத்துக்கு வருடக்கணக்கில் சேர்ந்த பெயர் அதன் முகவரிகளில்தான் இருக்கிறது. பிளாட்ஃபார்ம் மாறும்போது பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் புதிய பக்கத்துக்கு நிரந்தரத் திருப்பம் அமைக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடமாவது அது இருக்கட்டும் என்கிறது கூகுள். புதுத் தளம் அழகாக வந்த பிறகு ஆள் வரத்து நின்றுபோவதற்கு, பெரும்பாலும் இதை விட்டதுதான் காரணம்.

ஆகவே தளம் கட்டித் தருபவரிடம் முதல் இடம் பற்றிப் பேச வேண்டாம். டொமைன் யார் பெயரில் பதிவாகும் என்று கேளுங்கள். அவர் பெயரில் என்றால் வேண்டாம். டிரஸ்ட் பெயரில், டிரஸ்ட்டின் மின்னஞ்சலில் இருக்கட்டும். எழுதியதை எல்லாம் மொத்தமாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேர்ட்பிரஸிலும் பிளாகரிலும் அந்த வழி இருக்கிறது.

ஏற்கனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். கூகுளில் "சைட்" என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். கூகுளிடம் உள்ள உங்கள் பக்கங்கள் வரிசையாக வரும். தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குறிகள் கலைந்து கிடந்தால், கோளாறு எழுத்துருவில். எதுவுமே வராவிட்டால், கூகுள் இன்னும் உங்கள் வாசலுக்கு வரவில்லை என்று வைத்துக்கொண்டு, சர்ச் கன்சோல் என்ற அதன் இலவசச் சேவையில் தளத்தைப் பதிவு செய்யுங்கள்.