ஊருக்கு அனுப்பும் பணம் யார் கணக்கில்?

கேள்வி: உற்பத்தியில் மகாராஷ்டிரம் முதலிடம், தமிழ்நாடு அடுத்தது என்கிறார்கள். இங்கே உழைத்து நெல்லைக்குப் பணம் அனுப்பும் நாங்கள் யார் கணக்கு?
– வாசகர், சுனாபட்டி, மும்பை

பதில்: மகாராஷ்டிரக் கணக்குதான். மாநில உற்பத்திக் கணக்கு சொந்த ஊரை விசாரிக்காது. வேலை நடந்த இடத்தைத்தான் பார்க்கும். தாராவியில் விடியுமுன் அவித்து, அலுமினிய அண்டாவில் மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய் விற்ற இட்லி, சட்னியோடு சேர்த்து மராட்டிய இட்லி! நீங்கள் அனுப்பிய பணத்தில் நெல்லையில் கொத்தனார் சுவர் எழுப்பினால், அந்த வேலை மட்டும் தமிழ்நாட்டில் ஏறும்.

முதலிடம் என்பது மொத்த உற்பத்தியில்தான்: 2023-24இல் மகாராஷ்டிரம் சுமார் 40 லட்சம் கோடி ரூபாய், தமிழ்நாடு 27. ஆனால் 2011 கணக்கெடுப்பில் உங்கள் பக்கம் 11.24 கோடிப் பேர், இங்கே 7.21 கோடி. தலைக்கு வகுத்தால் தமிழ்நாடு முந்துகிறது.