அத்திப் பூவும் ஆலமரத்துக் குயிலும்



அருமையாக நடப்பதை "அத்தி பூத்தாற் போல" என்போம். உண்மையில் அத்தி பூக்காத மரமன்று. நாம் காய் என்று எண்ணும் உருண்டைக்குள்ளேதான் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் மறைந்திருக்கின்றன. ஆல், அரசு, இத்தி யாவும் இதே இனம். உலகில் இவ்வினத்தில் 700க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு.

மூடிய பூவுக்கு மகரந்தம் எப்படிக் கிடைக்கும்? ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளமான பெண் குளவியொன்று காயின் நுனித்துளையால் நெருக்கி நுழைகிறது. சிறகுகள் ஒடிந்துவிடும். கொண்டுவந்த மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே இறக்கிறது. அங்கு பிறக்கும் சிறகற்ற ஆண் குளவிகள் வழி துளைத்துக் கொடுத்து மடிகின்றன. இளம் பெண் குளவிகள் மகரந்தத்துடன் பறக்கின்றன. அவற்றின் ஆயுள் ஓரிரு நாட்களே. அதற்குள் அதே வகை மரமொன்றில் பருவமான காயைக் கண்டுபிடிக்க வேண்டும். அரசின் குளவி ஆலுக்கு உதவாது.

எல்லா மரங்களும் ஒரே நேரத்தில் காய்த்தால் குளவிகள் அழிந்துவிடும். எனவே ஒன்று பழுக்கையில் மற்றொன்று பிஞ்சு விடுகிறது. வேறு பழமில்லாத மாதங்களிலும் குயில், மைனா, குக்குறுவான், வௌவால் பசியாறுவது இதனால்தான். அவை எச்சத்துடன் விதையைத் தூரத்தில் இடுகின்றன. கோபுர இடுக்கில் அரசங்கன்று முளைப்பதும் இப்படியே.

குளவி இல்லாவிட்டால்? 1880களில் துருக்கியின் சிமிர்னா அத்தியைக் கலிபோர்னியாவில் நட்டார்கள். காய்கள் பழுக்காமலே உதிர்ந்தன. 1899இல் குளவியைக் கொண்டுவந்து விட்ட பின்னரே பழம் கிடைத்தது. இங்கே நொஷாட்டலில் வெயில் படும் மதிலோரங்களில் வளரும் சீமை அத்தி பெரும்பாலும் குளவியின்றியே பழுக்கும் வகை. ஆனால் குளவி தொடாத பழத்தின் விதை முளைக்காது. தடி வெட்டி நட்டே அதைப் பெருக்குகிறார்கள்.

ஊர்க் கோயில் திருப்பணிக்கு நாம் பணம் அனுப்புகிறோம். மண்டபத்துக்கு இடம் போதாதென்று வீதியிலுள்ள பழைய ஆலையோ அரசையோ தறிக்கும் பேச்சு எழுந்தால், மரத்தை விட்டு மண்டபத்தைத் தள்ளிக் கட்ட முடியுமா என்று கேட்போம். புதுக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். இரண்டு நாள் வாழும் குளவி அதுவரை காத்திருக்காது.

பிள்ளைகளுக்கு:
1. அத்திப் பூ ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?
2. குளவி மரத்துக்கும், மரம் குளவிக்கும் செய்யும் உதவி என்ன?
3. கோபுரத்தில் அரசங்கன்றை நட்டவர் யார்?