சீருடை அணியாத காவலர்

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன் போன மாதம் வாடிய முகத்துடன் உட்கார்ந்திருந்தான். ராணுவ அதிகாரி ஆகவேண்டும் என்பது அவனது சிறுவயது ஆசை. கண்பார்வைக் குறையால் மருத்துவத் தேர்வில் தேறவில்லை. "இனிமேல் நாட்டுக்கு நான் எதுக்கு சார்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் நடத்திய பாடத்தையே இங்கே சுருக்கி எழுதுகிறேன்.

கே. சுப்பிரமணியம் 1929-ல் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, 1951-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். நம்மில் பலரைப் போல அவரும் வேலை நிமித்தம் தில்லிக்கு வந்து, இங்கேயே வாழ்ந்தவர். துப்பாக்கி ஏந்திப் போர்முனைக்குப் போனவரல்லர். ஆயினும் இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையின் முன்னோடி என்று அவரையே சொல்கிறார்கள்.

போர் என்றால் படையும் ஆயுதமும் மட்டுமல்ல. பகைவன் என்ன எண்ணுகிறான், நம் கையிருப்பு எவ்வளவு, எதற்கு எவ்வளவு செலவிடலாம் என்று அமைதிக் காலத்திலேயே கணக்குப் போட ஆள் வேண்டும். அதற்காக 1965-ல் தில்லியில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1968 முதல் 1975 வரை அதன் இயக்குநராக இருந்தவர் இவர். பின்னர் உளவுத் தகவல்களைத் தொகுத்து ஆராயும் கூட்டுக் குழுவின் தலைவரானார். 1979-ல் பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலரானார். ஆவடி, திருச்சி படைக்கலத் தொழிற்சாலைகளெல்லாம் அன்று அத்துறையின் கீழ் இருந்தவையே.

செயலர் பதவிக்குப் பின், 1980-ல் மீண்டும் அதே ஆய்வுக் கழகத்துக்குத் திரும்பி, 1987 வரை இயக்குநராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இந்தியாவிடம் அணு ஆயுதம் இருக்கவேண்டும், ஆனால் அதை முதலில் நாம் பயன்படுத்தக் கூடாது என்று தொடர்ந்து எழுதினார். 1999 ஆகஸ்டில் வெளியான அணுக்கொள்கை வரைவை உருவாக்கிய ஆலோசனைக் குழுவுக்கு அவரே அமைப்பாளர்.

அதே ஆண்டு கார்கில் போர் ஜூலையில் முடிந்தது. நாடே வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஊடுருவல் நமக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஆராய நால்வர் குழு ஒன்றை அரசு அமைத்தது. தலைவர் எழுபது வயது சுப்பிரமணியம். உளவு அமைப்புகளுக்கிடையே ஒருங்கிணைப்பு போதவில்லை என்பதைக் குழு மறைக்காமல் எழுதியது. 2000 பிப்ரவரியில், சில பகுதிகள் நீங்கலாக, அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த சீர்திருத்தங்களில் 2002-ல் பாதுகாப்பு உளவு முகமை உருவானது. வெற்றி பெற்ற நேரத்தில் நம் குறையை நாமே எழுதி வைப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இன்னொரு செய்தி. 1999-ல் பத்மபூஷண் விருது தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்துவிட்டார். அரசு அதிகாரியும் பத்திரிகையாளரும் அரசிடம் விருது பெறலாகாது என்பது அவர் கொள்கை. 2011 பிப்ரவரி 2-ஆம் நாள் தில்லியில் காலமானார்.

இப்பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்:

1. வேதியியல் மாணவர் பாதுகாப்பு வல்லுநர் ஆனது எதனால்?
2. வெற்றிக்குப் பின் தவறுகளை ஆராய்வது ஏன் அவசியம்?
3. விருதை மறுத்தது சரியா? உங்கள் கருத்து என்ன?

பாடம் முடிந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். அந்த மாணவன் மட்டும் நின்றான். "அந்தக் கார்கில் அறிக்கை படிக்கக் கிடைக்குமா சார்?" என்றான். நூலாகவே வந்திருக்கிறது, தேடித் தருகிறேன் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயரை நோட்டில் குறித்துக்கொண்டான்.