மாகாணிக்குள் ஒரு கூட்டல்

“கீழே பெரிய எண் இருந்தால் பின்னமும் பெரிது.”

1/8, 1/4 இரண்டில் எது பெரிது என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், எட்டைப் பார்த்ததும் கை தூக்கும் பிள்ளைகள் உண்டு. காலா, அரைக்காலா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். தயங்க மாட்டார்கள். அரைக்கால் என்ற பெயரே காலில் பாதி என்று சொல்லிவிடுகிறது. பகுதியில் நிற்கும் எண், பண்டத்தை எத்தனை கூறு போட்டோம் என்பதைத்தான் காட்டும். கூறு கூடக் கூட ஒவ்வொன்றும் சிறுக்கும்.

“மேலும் கீழும் பெரிய எண்கள் கொண்டதே பெரிய பின்னம்.”

3/5, 4/7 இரண்டையும் 35 கூறாக்கினால் 21, 20. முன்னதுதான் பெரிது. ‘முழுமைக்கு ஒரு கூறுதானே குறைவு, ஆகவே 3/4-உம் 4/5-உம் சமம்’ என்பதும் இந்த வகைப் பிழையே. குறைகிற கூறுகள் ஒரே அளவில் இல்லை. இருபது கூறாக்கினால் 15, 16.

“பகுதிகளைச் சமமாக்குவது பள்ளிக்கூடத்துச் சடங்கு.”

என்னை மிகவும் வருத்துவது இந்த நம்பிக்கைதான். தமிழின் பழைய பின்ன முறையான கீழ்வாய் இலக்கமே ஒரு பொதுப் பகுதியின் மேல் நிற்கிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய பிள்ளைக்கு மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த 320 எவ்வளவு பொருத்தமான எண் என்று பாருங்கள். பாதி பாதியாகப் பிளந்து வரும் அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16) ஒரு குடும்பம். ஐந்தின் வழி வரும் நாலுமா (1/5), இருமா (1/10), மா, காணி இன்னொரு குடும்பம். 64-ஐ ஐந்தால் பெருக்கினால் 320 என்பதால் இரண்டு குடும்பத்தையும் முந்திரியால் மீதமின்றி அளக்கலாம். மாகாணிக்கு 20 முந்திரி, இருமாவுக்கு 32, அரைக்காலுக்கு 40, மும்மாவுக்கு (3/20) 48. ஏறுவரிசை தானே அமைந்துவிட்டது.

மாகாணி என்ற சொல்லைப் பிரித்தால் மா, காணி. 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்த்தால் 5/80, அதாவது 1/16. வேற்றினப் பின்னங்களின் கூட்டல் ஒன்று அப்படியே பெயராகிவிட்டது! தமிழ் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இதைக் கரும்பலகையில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

“அப்படியானால் எல்லாப் பின்னமும் 320-இல் அடங்கும்.”

அடங்காது. 1/3 என்பது 106 முந்திரிக்கு மேல், 107-க்குக் கீழ். முந்திரியையும் 320 கூறாக்கிய கீழ்முந்திரிக்கு (1/1,02,400) இறங்கினாலும் மூன்றால் வகுத்தால் மீதி வரும். ஒப்பிட எடுத்த பின்னங்களைப் பொறுத்தே பொதுப் பகுதி அமையும்.

“மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்தே ஆக வேண்டும்.”

ஏதாவது ஒரு பொது மடங்கு போதும். 5/6, 7/8 இரண்டையும் 24 கூறாக்கினால் 20, 21. 48 கூறாக்கினால் 40, 42. வரிசை மாறவில்லை, எண்கள்தான் பெருத்தன. குறுக்குப் பெருக்கலில் வரும் 40, 42 இவைதான். 48-ஐ எழுதாமல் விடுகிறோம். அதை எழுதிக் காட்டாமல் குறுக்கே பெருக்கச் சொல்வதால்தான் பல பிள்ளைகளுக்கு அது வெறும் மந்திரமாகிப் போகிறது.

தொகுதிகள் சமமாக இருந்தால் இந்த வேலையும் மிச்சம். மூன்று மாகாணி, மும்மா இரண்டில் எது பெரிது என்று பார்க்க, மாகாணி மாவைவிடப் பெரிது என்று தெரிந்தாலே போதும்.