துள்ளுகிற நாய்க்கும் சோதனை வேண்டும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட நாய், கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல். சுமார் எட்டுக் கிலோவுக்குள் அடங்கும் உடம்பு, தொங்கும் பட்டுக் காதுகள், பெரிய கண்கள், வந்தவர் போனவர் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் குணம். இதன் தாயகமான பிரிட்டனில் பெட்டை கவலியர் வைத்திருக்கும் பலருக்கு, ‘ஒரே ஒரு ஈத்து எடுத்தால் என்ன?’ என்ற ஆசை வருவது இயல்பு. ஆசையோடு சில நம்பிக்கைகளும் வந்து சேர்கின்றன. மற்ற இனங்களில் அவை சில்லறைத் தவறுகளாக முடியலாம். கவலியரில் அப்படியல்ல. இந்த இனத்தை வாட்டும் இரண்டு பெரிய நோய்களும், குட்டி போடும் இளவயதில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை.

நம்பிக்கை: நாய் ஓடியாடுகிறது, தட்டை வழித்துச் சாப்பிடுகிறது. இதற்கு மேல் என்ன சோதனை?

உண்மை: கவலியர்களின் உயிரை அதிகம் வாங்குவது மைட்ரல் வால்வு நோய். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வு, பொருந்தாத கதவுபோல, சரியாக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பில் அது முணுமுணுப்பாகக் கேட்கும். வயதான எந்தச் சிறிய நாய்க்கும் இந்த நோய் வரலாம். கவலியருக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஐந்தாறு வயதுக்குள் ஏறத்தாழப் பாதி நாய்களுக்கு முணுமுணுப்பு கேட்கிறது. பத்து வயதைத் தாண்டியவற்றில் அது இல்லாத நாயைத் தேடத்தான் வேண்டும். முணுமுணுப்பு தொடங்கிய பிறகும் இருமல், மூச்சிரைப்பு, மயக்கம் எல்லாம் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் இணை சேர்க்கும் முன், இதய நோய்களில் தேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பாலும் எக்கோ எனும் ஒலி அலைப் படத்தாலும் பார்த்துச் சொல்ல வேண்டும். இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் டென்மார்க்கைப் பார்க்கலாம். அங்கே கவலியர் வளர்ப்பவர்களுக்கு இதயப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. ஏறக்குறைய பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2016-ல் முடிவுகள் வெளியாயின. தாய், தந்தை இரண்டும் சோதனையில் தேறியிருந்த நாய்களுக்கு இந்த நோய் வரும் அபாயம் 73 சதவீதம் குறைந்திருந்தது. இந்த இனத்துக்குக் கிடைத்த மிக நல்ல செய்தி இதுதான்.

நம்பிக்கை: முதல் ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்துவிட்டது. அடுத்ததில் சேர்த்துவிடலாம்.

உண்மை: பெட்டை கவலியருக்கு முதல் ஹீட் ஒரு வயதுக்குள்ளேயே வந்துவிடும். கருத்தரிக்க அந்த உடம்பால் முடியும். ஆனால் அந்த வயதில் இதயம் சுத்தமாகக் கேட்பது எதையும் நிரூபிக்காது. நோய் வர இன்னும் நேரமிருக்கிறது. நிபுணர்கள் 1990-களின் இறுதியில் வகுத்து, பொறுப்பான வளர்ப்பாளர்கள் பின்பற்றிவரும் விதி இரண்டு பகுதி கொண்டது. தாய்க்கும் தந்தைக்கும் இரண்டரை வயதாவது நிரம்பி, முணுமுணுப்பு இல்லை என்று நிபுணர் சொல்லியிருக்க வேண்டும். அவற்றின் பெற்றோரும் ஐந்து வயதில் முணுமுணுப்பு இல்லாமல் இருந்திருக்க வேண்டும். அதாவது, தாத்தா பாட்டியின் இதயத்தை விசாரிக்காமல் பேரனுக்கு வழி செய்யக் கூடாது.

கடுவன் நாய்க்கு இந்த விதி இன்னும் முக்கியம். ஒரு பெட்டை வாழ்நாளில் சில ஈத்துகளே போடும். பேர் வாங்கிய கடுவன் ஒன்று, ஒரே ஆண்டில் பல ஊர்ப் பெட்டைகளுக்கு விடப்படலாம். அதன் நோய் தெரியவரும்போது அதன் பிள்ளைகளும் குட்டி போட்டிருக்கும்.

நம்பிக்கை: கழுத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிறதா? உண்ணியோ அலர்ஜியோ இருக்கும்.

உண்மை: இருக்கலாம். ஆனால் நடந்துகொண்டிருக்கும்போதே பின்காலைத் தூக்கி, தோலைத் தொடாமல் காற்றில் சொறிகிற கவலியரை நரம்பியல் நிபுணரிடம் காட்ட வேண்டும். இந்த இனத்தில் மண்டையோட்டின் பின்பகுதி, மூளைக்குப் போதாத அளவு குறுகியிருக்கிறது. அதனால் சிறுமூளையின் ஒரு பகுதி கழுத்துப் பக்கத் துளையில் பிதுங்கி அடைக்கிறது. மூளைத் தண்டுவட நீரின் ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்துக்குள் நீர்க்குழிகள் உண்டாகின்றன. இதன் பெயர் சிரிங்கோமைலியா. தூக்கும்போது திடீரென்று வீறிடுவது, கழுத்துப் பட்டையைத் தாங்காதது, முகத்தைத் தரையில் தேய்ப்பது ஆகியவை இதன் வலிக்கு அடையாளங்கள்.

நோய்க்குறி எதுவும் இல்லை என்று உரிமையாளர்கள் சொன்ன 555 கவலியர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஒரு வயது நாய்களில் நான்கில் ஒன்றுக்கும், ஆறு வயது கடந்தவற்றில் 70 சதவீதத்துக்கும் நீர்க்குழிகள் இருந்தன. வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 2008-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’ என்ற ஆவணப்படம் இந்த நோயை ஊரறியச் செய்தது. 2012-ல் பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சங்கமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து, எம்.ஆர்.ஐ. படங்களைத் தரம் பிரித்துச் சொல்லும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருப்பதால் செலவு அதிகம். அந்தச் செலவைக் கேட்டுத் தயங்குகிறவர், குட்டி எடுக்கும் எண்ணத்தையே மறுபரிசீலனை செய்வது நல்லது.

நம்பிக்கை: பெடிகிரி பேப்பர் இருக்கிறது, அப்பன் ஷோவில் சாம்பியன். பிறகென்ன?

உண்மை: பெடிகிரி என்பது வம்ச வரலாறு மட்டுமே. அது உடல்நலச் சான்றிதழ் ஆகாது. கவலியரில் அந்த வரலாறே கவலை தருவது. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையில் உலவிய குட்டி ஸ்பேனியல்களுக்கு மூக்கு நீளம். விக்டோரியா காலத்தில் சப்பை முகம் மோஸ்தராகி, பழைய வடிவம் ஏறக்குறைய மறைந்துபோனது. ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் 1926-ல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், பழைய நீள்முக நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். 1928-ல் இந்த இனத்துக்கான கிளப் உருவானது. ‘ஆன்ஸ் சன்’ என்ற கடுவனை முன்மாதிரியாக வைத்து இனத்தின் இலக்கணத்தை எழுதினார்கள். இன்று உலகெங்கும் இருக்கும் கவலியர்கள் அப்போது கிடைத்த சில நாய்களின் வழித்தோன்றல்கள். ரத்தக் கலப்புக்கு இடம் தொடக்கத்திலிருந்தே குறைவு.

இந்த நிலையில் ‘வம்சம் சுத்தமாக இருக்கட்டும்’ என்று அண்ணன் தங்கையைச் சேர்ப்பது, எரிகிற அடுப்பில் விறகைத் திணிக்கும் வேலை. பெற்றோர்-பிள்ளை, உடன்பிறந்தவை ஆகியவற்றின் இணைப்பில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதை பிரிட்டனின் கென்னல் கிளப் 2009-லேயே நிறுத்திவிட்டது.

நம்பிக்கை: டி.என்.ஏ. டெஸ்டில் எல்லாம் கிளியர். கவலையே இல்லை.

உண்மை: டி.என்.ஏ. சோதனை சில நோய்களுக்குத் துல்லியமாகப் பதில் சொல்லும். ஓடியாடும்போது தசை இறுகி நாய் சாய்ந்துவிடும் ‘எபிசோடிக் ஃபாலிங்’, கண்ணீர் வற்றி ரோமம் சுருளும் நோய் ஆகிய இரண்டும் அத்தகையவை. குறையுள்ள மரபணு ஒரு பிரதி மட்டும் இருக்கும் நாய் நோயாளி ஆகாது, அதைக் கடத்தும் கேரியர் மட்டுமே. இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் அபாயம். கேரியரைக் கிளியரான நாயோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. எனவே நல்ல இதயமுள்ள கேரியரை ஒதுக்கத் தேவையில்லை. இதய வால்வுக்கும் தண்டுவடத்துக்கும் அப்படி ஒற்றை மரபணு விடை கிடையாது. அவற்றுக்கு எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும்தான்.

நம்பிக்கை: ஒரு முறை குட்டி போட்டால் பெட்டையின் உடம்புக்கு நல்லது.

உண்மை: இல்லை. ஒரு ஈத்து கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயைத் தடுக்காது. அதைத் தடுப்பது கருத்தடை அறுவைச் சிகிச்சை. பிரசவத்தில் சிக்கல் வந்தால் நள்ளிரவில் சிசேரியன் வரை போக நேரும்.

நம்பிக்கை: சினை நாய்க்குக் கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும்.

உண்மை: பாசத்தால் செய்யப்படும் தவறு இது. வெளியிலிருந்து கால்சியம் தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துத் தரும் பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிவிடும். ஈன்ற சில வாரங்களில் பால் உச்சத்துக்கு வரும்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து நடுக்கமும் வலிப்பும் வரும். சிறிய இன நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சுமார் 63 நாள் சினைக்காலத்தின் பிற்பகுதியில் தரமான குட்டி நாய் உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தால் போதும். மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும்.

நம்பிக்கை: பூடிலோடு கிராஸ் செய்தால் நோயே வராது.

உண்மை: சோதிக்காத கவலியரும் சோதிக்காத பூடிலும் சேர்ந்தால் சோதிக்காத குட்டிதான் பிறக்கும். பிரிட்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2024-ல் வெளியிட்ட ஆய்வு, கவலியர்-பூடில் கலப்பான கவாபூ உள்ளிட்ட மூன்று கலப்பு வகைகளை அவற்றின் மூல இனங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் வேறுபாடே தெரியவில்லை.

நம்பிக்கை: ஆறு வாரத்தில் பால் மறந்துவிட்டது, குட்டியைக் கொடுத்துவிடலாம்.

உண்மை: எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். வலிக்காமல் கடிக்கும் அளவு, பிற நாய்களோடு பழகும் முறை எல்லாம் அங்கேதான் படிகின்றன. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. வாங்க வருபவருக்குத் தாயைக் காட்டுவதும் கடமை. வேல்ஸில் நாய்க்குட்டிகளை மொத்தமாக ஈனவைத்து விற்கும் ஒரு பண்ணையில் சீரழிந்து மீட்கப்பட்ட லூசி என்ற கவலியரின் பெயரால் வந்த சட்டம், 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இடைத்தரகர்கள் குட்டி விற்பதைத் தடை செய்திருக்கிறது.

நம்பிக்கை: நார்வேயில் கவலியர் வைத்திருப்பதே குற்றம்.

உண்மை: வைத்திருக்கலாம். 2023 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, கவலியரோடு கவலியரைச் சேர்த்துக் குட்டி எடுப்பது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்பதே. நோய்ச்சுமையைக் குறைக்க, அறிவியல் அடிப்படையில் வேறு இனத்தோடு கலக்கும் முயற்சிக்கு வழி திறந்தே இருக்கிறது. இனத்தின் நிலை அந்த அளவுக்கு முற்றிவிட்டது என்பதை வளர்ப்பாளர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

சோதனையில் தேறாத கவலியர் நல்ல நாய் இல்லை என்று அர்த்தமில்லை. அது மடியில் படுத்திருக்கட்டும், நீண்ட நாள் வாழட்டும்; குட்டி மட்டும் வேண்டாம். இரண்டரை வயது வரை காத்திருந்து, பணம் செலவழித்துச் சோதித்து, கடைசியில் ‘இந்த நாயை இணை சேர்க்கப் போவதில்லை’ என்று முடிவெடுப்பவரும் பொறுப்பான வளர்ப்பாளர்தான். இந்த இனத்துக்கு இன்று அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் தேவை.